மண் நிறத்தில் இல்லாத மண் வீடு

சான் லிபோரியோ நகர எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு கட்டடமும் மண் வீட்டைப் போலத் தோற்றமளிக்க வேண்டும் என்பது சட்டம். நியூ மெக்சிகோவில் இந்த ஆசை பல ஊர்களுக்கு உண்டு. எங்கள் ஊரில் அது பதினான்காம் விதி. அதைக் காப்பாற்றுவதற்கென்றே நகரத் தோற்ற வாரியம் என்று ஒன்று இருந்தது. உறுப்பினர்கள் ஐந்து பேர். ஊழியர்கள் இரண்டு பேர்: வெளியே போய்ப் பார்க்க ஆய்வாளர் டெனிஸ் காயேகோஸ், உள்ளே உட்கார்ந்து எழுத நான். என் பெயர் பெர்னீ. வாரிய அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

மண் வீட்டைப் போல என்றுதான் விதி சொல்கிறது. மண் வீடு என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை ஊரார் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். மரச்சட்டம் அடித்து, கம்பிவலை போர்த்தி, மேலே சிமெண்ட் பூசி, மூலைகளை மழுக்கி, பழுப்பு நிறம் அடித்துவிட்டால் அது மண் வீடு. அந்த வகையில் எங்கள் ஊர் வங்கி மண் வீடு. பெட்ரோல் பங்க் மண் வீடு. நான்கு மாடி கார் நிறுத்துமிடமும் மண் வீடுதான். சுற்றுலா வருகிறவர்கள் அதன்மேல் கன்னத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

வாரியத் தலைவர் வின்ஸ்லோ ஹார்ப்பர் கனெக்டிகட்டிலிருந்து வந்தவர். அங்கே முப்பது வருஷம் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, ஒரு மாலை எங்கள் ஊர் வழியாகக் காரில் போகும்போது சூரியன் மறைவதைப் பார்த்து இங்கேயே தங்கிவிட்டார். வந்த மூன்றாம் வாரம் விரலுக்கொன்றாக நீலப்பச்சைக் கல் மோதிரம் போட்டார். ஆறாம் வாரம் கழுத்தில் தோல்கயிற்று டை கட்டினார். ஒரு வருஷத்தில், இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பது இங்கே பிறந்தவர்களைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. செயற்கைப் பல்லின் நிறத்தைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டவைத்துப் பார்க்கப் பல் டாக்டர்கள் ஓர் அட்டை வைத்திருப்பார்கள் அல்லவா, அதே மாதிரி மண்ணுக்கும் ஓர் அட்டை தயாரித்தார். மொத்தம் இருபத்து மூன்று பழுப்புகள். 'வறுத்த சோளம்', 'உறங்கும் குன்று', 'மாலை மான்', 'குதிரையின் மௌனம்' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். இந்த இருபத்து மூன்றில் ஒன்றாக இருந்தால் மண் நிறம். இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் ஊரின் கிழக்கு ஓரத்தில், ஓல்மோ தெருவில், எலீசியோ தஃபோயா என்பவரின் வீடு இருக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் ஒரு தடவையாவது "உட்காருடா" என்று அதட்டியவர். அவருடைய வீடு மண் வீடு. மண் வீடு போல இல்லை, மண் வீடே. அவருடைய அப்பா மண்ணையும் வைக்கோலையும் மிதித்து, அச்சில் போட்டு, வெயிலில் காயவைத்த கற்களை அடுக்கிக் கட்டியது. ஒவ்வொரு வசந்தத்திலும் எலீசியோவும் அவர் மனைவி ஒர்டென்சியாவும் ஓடையிலிருந்து மண் கொண்டுவந்து, குழைத்து, மழையில் கரைந்த இடத்தையெல்லாம் பூசி மெழுகுவார்கள்.

ஒரு மே மாதம் டெனிஸ் அங்கே ஆய்வுக்குப் போனாள். முதல் சுவரில் அட்டையை வைத்துப் பார்த்தாள். இரண்டாவது சுவரில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தாள். எலீசியோ காபிக் கோப்பையோடு பின்னாலேயே நடந்தார்.

"என்னம்மா தேடுற?"

"நிறம் ஒத்துப்போகல ஐயா. பதினொண்ணாம் நம்பருக்கும் பன்னெண்டாம் நம்பருக்கும் நடுவுல எங்கயோ நிக்குது."

"எது?"

"உங்க வீடு. மண் நிறத்துல இல்ல."

எலீசியோ சுவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இது மண்ணும்மா."

"மண்ணுதான். நான் இல்லன்னு சொல்லலயே. மண் நிறத்துல இல்லன்னுதான் சொல்றேன்."

"நீ மூணாங்கிளாஸ் படிக்கறப்ப பஸ்ல வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"அன்னிக்கு உன்னைத் திட்டலயே நானு."

"திட்டலதான். அதுக்காக அட்டையை மாத்த முடியுமா? எனக்கும் மேல ஆள் இருக்காங்க." டெனிஸ் வருத்தத்தோடு குறிப்பேட்டைத் திறந்தாள். "இன்னொண்ணும் இருக்கு ஐயா. போன வாரம் மழை பெஞ்சப்ப இந்தப் பக்கமா வந்தேன். உங்க வீடு கருத்துப் போயிருந்துச்சு. அனுமதி இல்லாம நிறம் மாத்தறது தனிக் குற்றம்."

அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். "மண் போலத் தோற்றமளிக்கத் தவறியமை, மற்றும் மழைக்காலத்தில் முன்னனுமதியின்றி நிறம் மாறியமை" என்பது குற்றம். முப்பது நாட்களுக்குள் வெளிச்சுவர் முழுவதையும் அங்கீகரிக்கப்பட்ட சிமெண்டால் மூடி, அங்கீகரிக்கப்பட்ட மண் நிறம் பூச வேண்டும் என்பது பரிகாரம். தவறினால் நாள்தோறும் அபராதம்.

மறுநாளே அவர் என் ஜன்னலுக்கு வந்தார். முறையீட்டுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே பூர்த்தி செய்து நீட்டினார். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏழாவது கட்டம் தப்பா இருக்கு எலீசியோ ஐயா."

"என்ன தப்பு?"

"'மண் தோற்றத்தை உண்டாக்கப் பயன்படுத்திய பொருள்'னு கேட்டிருக்கு. நீங்க மண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"மண்ணைத்தானே பூசியிருக்கேன்?"

"அந்தப் பட்டியல்ல சிமெண்ட் இருக்கு, ரெசின் இருக்கு, நுரைப்பலகைகூட இருக்கு. மண் இல்லையே. பட்டியல்ல இல்லாததை எழுதினா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"அப்ப என்ன எழுதட்டும்?"

"'இதர' போடுங்க."

'இதர' என்று போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டே படிவத்தைத் தள்ளினார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். போகும்போது சொன்னார்: "பெர்னீ, மண் சுவத்துமேல சிமெண்ட் பூசினா என்ன ஆகும்னு தெரியுமா? ஈரம் வெளிய வராது. உள்ளயே ஊறும். வெளிய பாத்தா ஜம்முனு இருக்கும். அஞ்சு வருஷத்துல ஒருநாள் பொத்துனு உக்காந்துடும். என் சித்தப்பா வீடு அப்படித்தான் போச்சு. அவரு உள்ள இருந்தாரு." அவர் சிரிப்பை அடக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

முறையீட்டு விசாரணை ஜூன் மாத இரண்டாம் செவ்வாய்க்கிழமை. எலீசியோ தன் வீட்டு மண்கல் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். கம்பளம் விரித்த கூடத்துக்குள் மண் கொண்டுவர அனுமதியில்லை என்று காவலாளி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். ஆகவே மண் வீடுகள் பற்றிய அந்த விசாரணை மண் இல்லாமலே நடந்தது.

சிமெண்ட் பூசினால் சுவர் உள்ளுக்குள் கரைந்துபோகும் என்பதை எலீசியோ பொறுமையாக விளக்கினார். ஹார்ப்பர் கைகளைக் கோத்துக்கொண்டு கனிவாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. சொத்தைப் பல்லைப் பிடுங்குமுன் நோயாளியிடம் எப்படிப் பேசியிருப்பாரோ அப்படியே பேசினார்.

"உங்க கவலை எனக்குப் புரியுது மிஸ்டர் தஃபோயா. ஆனா எங்க அதிகாரம் சுவரோட வெளித்தோற்றம் வரைக்கும்தான். உள்ள சுவர் இருக்கா இல்லையாங்கறது வேற துறை."

"சுவர் விழுந்தா தோற்றமும் விழுந்துடுமே."

"விழுந்தப்புறம் அது இடிபாடு. இடிபாடுகளுக்கு விதிவிலக்கு உண்டு." பிறகு அவர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "நாங்க ஒண்ணும் இந்த நிறங்களைக் கற்பனையில பிடிக்கல. ஏழாம் நம்பர் 'மாலை மான்' இருக்கே, அதை நான் இந்த ஊருக்கு வந்த முதல் நாள் எடுத்த படத்துலருந்துதான் எடுத்தேன். அசல் மண் வீடு எப்படி இருக்கணும்னு நீங்களே பாருங்க."

விளக்கை அணைத்துத் திரையில் படத்தைக் காட்டினார்கள். பொன்னிறமாக மின்னும் ஒரு சுவர், ஒரு சின்ன ஜன்னல், பக்கத்தில் சிவப்பு மிளகாய்ச் சரம். கூடத்தில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒர்டென்சியாவின் குரல் கேட்டது. "அது எங்க வீட்டு சமையக்கட்டு ஜன்னலுங்க."

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார்.

"அந்த ஜன்னல் கண்ணாடியில விரிசல் தெரியுதா? எங்க மூத்தவன் பந்தடிச்சு உடைச்சது. அந்த மிளகாய்ச் சரம் நான் கட்டினது. பொடி பண்ணி எப்பவோ தின்னாச்சு."

ஹார்ப்பர் படத்தை உற்றுப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை. "அப்படின்னா விஷயம் இன்னும் கவலைக்கிடமா இருக்கு மிஸ்டர் தஃபோயா. உங்க வீடு ஒரு காலத்துல விதிப்படி இருந்திருக்கு. அதுக்கப்புறம் ஏன் மாத்தினீங்க?"

"மாத்தலைங்க. அது சாயங்கால வெயிலு. இப்பவும் சாயங்காலம் வந்து பாருங்க, அப்படியேதான் இருக்கும்."

வாரியம் நேரில் போய்ப் பார்த்தது. ஐந்து பேரும் மடக்கு நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து வீட்டைப் பார்த்தார்கள். மாலை ஏழு ஐந்துக்குச் சுவர் 'மாலை மான்' ஆயிற்று. ஏழரைக்கு மறுபடி வெறும் மண் ஆயிற்று. அடுத்த கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தை நானே பதிவு செய்தேன்: தஃபோயா வீடு நாளொன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் விதிக்கு உட்பட்டு நிற்கிறது, இரவில் நிறம் தெரியாததால் இரவு நேரம் சேராது, மீதியுள்ள பகல் முழுவதும் அது குற்றம் புரிகிறது, மேகமூட்டமான நாட்களைப் பற்றிப் பின்னர் முடிவெடுக்கப்படும். சிமெண்ட் பூசும் கெடு ஜூலை கடைசி வரை நீட்டிக்கப்பட்டது.

அந்தக் கருணைக்கு எலீசியோ நன்றி சொல்லவில்லை. ஒர்டென்சியா மட்டும் என்னிடம் வந்து விதிப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டார். இருநூற்றுப் பதினாறு பக்கம். என் பதினோரு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை, நானே படித்ததில்லை. கடனாகக் கொடுத்தேன். மூன்று நாள் சமையலறை மேஜையில் வைத்துப் படித்தார் போலிருக்கிறது. திருப்பித் தரும்போது பக்கங்களில் பீன்ஸ் வாசனை அடித்தது.

"பெர்னீ, பதினாலாம் விதியோட ஒம்போதாம் பிரிவுல 'கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்கு மட்டும்'னு போட்டிருக்கு."

"ஆமாங்க."

"அப்ப கட்டிக்கிட்டிருக்கற வீட்டுல மண்ணு தெரியலாமா?"

"கட்டற வீட்டுல எது வேணா தெரியலாம். வேலை நடக்குதில்ல."

"ஒரு வீடு எப்ப முடிஞ்சதாகும்?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இருந்தது. "'உரிமையாளர் இனிமேல் சுவரில் எதையும் சேர்க்க உத்தேசமில்லாதபோது.'"

ஒர்டென்சியா கைப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "நாங்க கல்யாணமான நாள்லருந்து வருஷா வருஷம் அந்தச் சுவத்துல மண்ணு சேத்துக்கிட்டே இருக்கோம். அடுத்த வருஷமும் சேப்போம். அந்த வீடு இன்னும் முடியலம்மா. கட்டட அனுமதி ஒண்ணு குடு."

கொடுக்க மறுப்பதற்கு என்னிடம் காரணம் ஏதும் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. ஓராண்டு அனுமதி, வருஷந்தோறும் புதுப்பிக்கலாம். எலீசியோ வீட்டு முன்னால் ஒரு தள்ளுவண்டியையும் கரணையையும் வைத்து, 'பணி நடைபெறுகிறது' என்று பலகை மாட்டினார். டெனிஸ் வந்து பார்த்தாள். நிறைவோடு திரும்பினாள். அபராதம் ரத்தாயிற்று.

இது அவரோடு நின்றிருந்தால் நான் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஆனால் பக்கத்து வீட்டு ஃபிதெல் லுசேரோ, எலீசியோவின் மச்சான், வேலி வழியாகக் கேட்டிருக்கிறார்.

"மாமா, அந்த அனுமதி இருந்தா நான் தகரக் கொட்டாய் போட்டுக்கலாமா?"

"உன் வீடு முடிஞ்சிடுச்சா?"

"என் வீட்டுல எது முடிஞ்சிருக்கு?"

மறுநாள் அவருக்கும் ஓர் அனுமதி. அந்த வாரம் தெரு முழுக்க. ஒருவர் ஒரு ஜன்னலைக் கழற்றிவைத்து வீட்டை முடியாததாக்கினார். இன்னொருவர் சுவரில் ஓர் ஏணியைச் சாத்தி வைத்ததோடு சரி. ஆகஸ்டில் ஊரில் ஏணி கிடைக்கவில்லை. என் ஜன்னலில் வரிசை படிக்கட்டு வரை நின்றது. செப்டம்பர் தொடக்கத்தில் எங்கள் நகரத்தின் ஆறாயிரத்துச் சொச்சம் வீடுகளில், கட்டி முடிக்கப்பட்டவை பத்தொன்பது.

அப்போதுதான் மாநில அலுவலகத்தின் வருடாந்தரப் படிவம் வந்தது. 'கட்டி முடிக்கப்பட்ட வீடுகளில் வசிப்போர் எத்தனை பேர்?' கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் ஒருவர் சட்டப்படி வசிக்க முடியாது; வேலையை மேற்பார்வை செய்யத்தான் முடியும். எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்தோரு பேர். படிவத்தின் அடிக்குறிப்பில், ஐம்பது பேருக்குக் குறைந்த இடம் நகரமல்ல, சிதறிய குடியிருப்பு என்றும், சிதறிய குடியிருப்புகள் தோற்ற வாரியம் வைத்துக்கொள்ளலாகாது என்றும் இருந்தது. ஒருவர் மிச்சத்தில் வாரியம் தப்பியது.

அனுப்புவதற்கு முந்தின நாள் ஹார்ப்பரே என் ஜன்னலுக்கு வந்தார். கொல்லைப்புறத்தில் திறந்தவெளிக் கணப்பு ஒன்று கட்ட வேண்டுமாம்.

"வீட்டுச் சுவரோட சேத்துக் கட்டறீங்களா?"

"ஆமா. அதுதான் இந்த ஊர்ப் பாரம்பரியம்."

"அப்ப கட்டட அனுமதி வேணுங்க."

"குடுங்க. விதின்னா எனக்கும் விதிதானே," என்று பெருமையோடு கையெழுத்துப் போட்டார். அந்த வீட்டில் அவரும் அவர் மனைவியும். நான் ஐம்பத்தொன்றை அடித்துவிட்டு நாற்பத்தொன்பது என்று எழுதினேன். விளைவைப் பற்றி அவர் கேட்கவில்லை. அதைச் சொல்லச் சொல்லிப் படிவத்தில் கட்டமும் இல்லை.

வாரியம் முறைப்படி கூடித் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அன்று ஓல்மோ தெருவில் பச்சை மிளகாய் சுடும் உருளைகள் நாலு பக்கமும் சுழன்றன. ஒர்டென்சியா பெரிய அண்டாவில் போசோலே என்ற சோளக் குழம்பு காய்ச்சினார். மேயர் உட்பட எல்லாரும் வந்து எலீசியோவின் கையைக் குலுக்கினார்கள். இனிமேல் அவரவர் வீடு அவரவர் இஷ்டம் என்று ஃபிதெல் நாற்காலிமேல் ஏறிப் பேசினார். நானும் கைதட்டினேன். தாராளமாகவே தட்டினேன்.

அடுத்த வாரம் ஃபிதெல் தன் வீட்டுக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தார். எதிர்வீட்டுக்காரர் பச்சையும் ஆரஞ்சும் பட்டை பட்டையாக அடித்தார். மூன்றாவது வீட்டில் இரும்பில் இருபதடி உயரத்துக்கு எங்கள் மாநிலப் பறவையான சாலையோடி ஒன்றை நிறுத்தி, காற்றடித்தால் வால் ஆடும்படி செய்தார்கள். ஒருவர் சுவர் முழுக்க உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார். நிற ஆசையை ஆண்டாண்டாக மனசுக்குள் அடக்கி வைத்திருந்த மனிதர் ஹார்ப்பர்தான் என்று பிறகுதான் தெரிந்தது: தன் வீட்டைப் பளீர் வெள்ளையாக்கி, மேலே மெருகும் ஏற்றினார். வெயிலில் அந்த வழியாகக் காரோட்ட முடியவில்லை.

அக்டோபரில் ஒருநாள் காலை எலீசியோ என் ஜன்னலுக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"பெர்னீ, புகார் குடுக்கணும்."

"யாருமேல?"

"ஃபிதெல் மேல. பாத்தியா அவன் சுவத்தை? அந்த ஊதா எங்க சமையக்கட்டுக்குள்ள அடிக்குது. முட்டை பொரிச்சா ஊதாவா தெரியுது."

"புகாரை வாங்கிக்க யாருமில்லையே ஐயா. வாரியத்தைக் கலைச்சாச்சு."

"யார் கலைச்சது?"

நான் முத்திரைக் கட்டையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் அதை வற்புறுத்திக் கேட்கவில்லை. தோளைச் சற்றுக் குறுக்கிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பழைய மாதிரி கேக்கல," என்றார். "அட்டை கிட்டை வேணாம். சும்மா, கண்ணை உறுத்தாம இருக்கணும், அவ்வளவுதான். அது எதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

கண்ணை உறுத்தும் நிறங்களைத் தடுக்க ஒரு குழு வேண்டும் என்று மனு எழுதிக் கொண்டுவந்தார். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது, எலீசியோவின் தள்ளுவண்டி தன் பார்வையைக் கெடுக்கிறது என்ற காரணத்துக்காக ஃபிதெலுடையது. ஹார்ப்பர் மட்டும் போட மறுத்தார். மனிதனுடைய சுதந்திரத்தில் யாரும் தலையிடக் கூடாது என்றார்.

குழு வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் நகரம் வேண்டும். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் வரிசையில் நின்று, அனுமதிகளைத் திருப்பிக் கொடுத்து, தங்கள் வீடுகளை முடித்துக்கொண்டார்கள். ஒரே நாளில் ஆறாயிரம் வீடுகள் கட்டி முடித்த மேயரைப் பாராட்டி மாநிலத்திலிருந்து கடிதம் வந்தது. அண்டைவீட்டார் கண்நலக் குழு பிறந்தது. தலைவர் எலீசியோ தஃபோயா. பதவியேற்ற அன்று ஒர்டென்சியா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், கைதட்டவில்லை.

"என்ன, சந்தோஷம் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அந்த விதிப் புத்தகத்தை மறுபடி படிக்கணுமேன்னு இருக்கு," என்றார்.

குழுவுக்கு முதல் வாரம் வந்த புகார்கள் தொண்ணூற்றாறு. அதில் எழுபது, குழு உறுப்பினர்கள் ஒருவர் மேல் ஒருவர் கொடுத்தவை. பழைய அறிவிப்பையே பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. வேலை அதிகமாகிவிட்டதால் எனக்கு ஓர் உதவியாளர் வேண்டும் என்று விண்ணப்பித்திருக்கிறேன்.

வேலை மிகுதியிலும் ஒரு விஷயத்துக்கு நேரம் ஒதுக்கினேன். என் வீட்டு வாசலுக்கு நேரெதிரே ஒருத்தி தன் வெளிக்கதவுக்கு மஞ்சள் அடித்திருக்கிறாள். சாதாரண மஞ்சள் இல்லை; நம்மைப் பார்த்துச் சிரிக்கிற மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து அதைப் பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு மொட்டைக் கடுதாசி எழுதி, 'இப்படிக்கு, நலம் விரும்பி' என்று முடித்து, அலுவலகப் பெட்டியில் போட்டேன். திங்கட்கிழமை காலை நானே பெட்டியைத் திறந்து, அதை எடுத்து, தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் கொடுத்து, அவசரம் என்று சிவப்பு மையில் குறித்து, கட்டின் மேலே வைத்தேன்.